ஆலப்புழையில் ஓர் இரவு படகு வீட்டில் தங்கித்தான் ஆக வேண்டுமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். "டிசம்பர் கடைசி வாரம் ஆலப்புழை போகிறோம், எந்தப் படகு வீட்டை எடுக்கலாம்?" என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கீழே கொடுத்த விவரங்களையும் சேர்த்துப் பார்த்தால் கேள்வி அதுவல்ல என்று தோன்றுகிறது. சேலத்திலிருந்து கிளம்புகிறீர்கள். எழுபது வயது அப்பா, முழங்கால் வலியோடு அம்மா, எட்டு வயதிலும் நாலு வயதிலும் பிள்ளைகள். பெரியவர்கள் சைவம். கையில் இருப்பது இரண்டு நாள். இவ்வளவு காசைக் கொட்டி ஓர் இரவு தண்ணீர்மேல் படுத்தால்தான் ஆலப்புழையைப் பார்த்ததாக ஆகுமா, அது இல்லாமலும் பார்க்க முடியுமா என்பதுதான் உங்கள் மனதில் இருக்கிறது. அதற்கே பதில் சொல்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சுற்றுலாத் தொழிலில் இல்லை. பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார் வியாபாரம். ஆலப்புழையில் மிதியடியும் கயிற்றுப் பாயும் நெய்கிறவர்களுக்கு உள்ளூர் நார் போதாது, நம் பக்கத்திலிருந்து லாரி லாரியாகப் போகிறது. அந்த வகையில் பதினெட்டு வருடமாக மாதம் ஒருமுறையாவது போய் வருகிறேன். வசூல் முடிந்து மிச்சமாகும் அரை நாளைப் படகில் கழிப்பது பழக்கமாகிவிட்டது. எனவே படகு பற்றி நான் சொல்வதெல்லாம் பயணியாக ஏறி இறங்கிய அனுபவம். அம்மாவின் முழங்கால் எவ்வளவு தாங்கும் என்பதை நீங்களும் அவருடைய மருத்துவரும்தான் சொல்ல வேண்டும். படகில் எங்கே எவ்வளவு காலை மடக்க வேண்டிவரும் என்பதை மட்டும் நான் சொல்ல முடியும்.

உங்கள் குடும்பத்துக்கு என் யோசனை இதுதான். படகு வீடு எடுங்கள், ஆனால் பகலுக்கு மட்டும். இரவு கரையில் தங்குங்கள். மறுநாள் விடிகாலையில் சின்னப் படகில் வாய்க்காலுக்குள் போய் வாருங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

இரவுப் படகு வீடு என்றதும் நிலவொளியில் படகு மெல்ல நகர, நாம் மேல்தட்டில் சாய்ந்திருப்பதாகத்தான் எல்லோரும் கற்பனை செய்கிறோம். நடப்பது அப்படியல்ல. மதியம் பன்னிரண்டு மணிவாக்கில் ஏற்றுவார்கள். சாப்பாட்டுக்கு ஒரு இடத்தில் நிறுத்துவார்கள். சாயங்காலம் ஐந்தரை, ஆறு மணிக்குள் கரையோரம் கட்டிவிடுவார்கள். அதற்குமேல் படகு நகராது. இருட்டிய பிறகு காயல், அதாவது அந்த உப்பங்கழி, மீன்பிடிப்பவர்களுடையது. அவர்கள் வலை போட்டிருக்கும் நேரத்தில் பெரிய படகுகள் ஓடக் கூடாது என்பது அங்கே உள்ள ஏற்பாடு, நியாயமான ஏற்பாடும்கூட. காலையில் சிற்றுண்டி, ஒரு சின்னச் சுற்று, ஒன்பது மணிக்கு இறக்கம். ஆக இருபத்தொரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்து, படகு ஓடுவது ஐந்தாறு மணி நேரம். மிச்சமெல்லாம் தண்ணீரில் நிற்கும் ஒரு விடுதி அறை. குறைந்த விலைப் பேக்கேஜ்களில் குளிர்சாதனமும் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரைதான் ஓடும். ஏமாற்றுவதில்லை, சொல்லித்தான் தருகிறார்கள். நாம்தான் காதில் வாங்குவதில்லை.

நானும் ஒருமுறை காதில் வாங்காமல் மாட்டியிருக்கிறேன். மச்சான் குடும்பத்தோடு ஒரு புத்தாண்டு இரவு. எங்கள் படகைக் கட்டிய இடத்தில் ஏற்கெனவே ஏழெட்டுப் படகுகள், மாட்டுச்சந்தையில் வண்டி அவிழ்த்துப்போட்ட மாதிரி. ஒவ்வொன்றிலும் ஜெனரேட்டர். பக்கத்துப் படகில் விடிய விடியப் பாட்டு. மச்சானின் அம்மா அறையை விட்டு வெளியே வரவே இல்லை, கொசு. காலையில் படகுக்காரர் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் தூக்கமில்லை. டிசம்பர் 20க்கு மேல் ஜனவரி முதல் வாரம் வரை விலை சாதாரண நாளைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு ஆகிவிடும். அந்த விலைக்கு அந்த இரவு என்றால் நான் வேண்டாம் என்பேன். இதுவே புதுமணத் தம்பதி, பிப்ரவரி மாதம், வார நாள், படகை நெரிசல் இல்லாத ஒதுக்குப்புறத்தில் கட்டச் சொல்லிப் பேசி வைத்திருக்கிறார்கள் என்றால், தாராளமாகப் போகச் சொல்வேன். படகு வீட்டு இரவே தப்பு என்று சொல்லவில்லை. உங்கள் வீட்டாருக்கும் உங்கள் தேதிக்கும் பொருந்தவில்லை.

பகல் படகு வீட்டைச் சொல்வதற்குக் காரணம் அம்மா. காலை பதினொன்று மணிவாக்கில் ஏறி மாலை நாலு, ஐந்துக்கு இறங்கிவிடலாம். நாற்காலியில் உட்கார்ந்தே வரலாம், முடியாவிட்டால் படுக்க அறை உண்டு, மேலை நாட்டுக் கழிவறை உண்டு. வயதானவர்களோடு போகும்போது இந்தக் கடைசி விஷயம்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும். காயலில் பெரிய அலை கிடையாது, படகு அவ்வளவாக ஆடாது. ஏறும் இடம்தான் சிக்கல். கரையிலிருந்து ஒரு பலகை போட்டிருப்பார்கள். சில துறைகளில் வரிசையாகக் கட்டிய படகுகளில் ஒன்றுக்குள் இறங்கி இன்னொன்றில் ஏறி மூன்றாவதாக நம் படகுக்குப் போக வேண்டிவரும். பேசும்போதே "அம்மாவுக்கு முழங்கால் வலி, கரையோடு ஒட்டிய படகாக வேண்டும், கீழ்த்தட்டிலேயே எல்லாம் இருக்க வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். மேல்தட்டு உள்ள படகுக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அந்த ஏணிப்படி அம்மாவுக்கு ஆகாது, பிள்ளைகளுக்கு ஆபத்து.

படகைப் பார்க்கும்போது ஒரு விஷயத்தை அப்பாவுக்குக் காட்டுங்கள். என் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் பெருமை. இந்தப் படகுகளின் மூலவடிவத்துக்குக் கெட்டுவள்ளம் என்று பேர். நாம் கட்டு என்பதை அவர்கள் கெட்டு என்கிறார்கள். அயினி மரப் பலகைகளை ஆணி இல்லாமல் தேங்காய்க் கயிற்றால் தைத்துச் சேர்த்து, முந்திரிக்கொட்டை எண்ணெய் காய்ச்சிப் பூசியது. ஆலப்புழையைச் சுற்றியுள்ள தாழ்நிலமான குட்டநாட்டின் நெல்லையும் மலைச்சரக்கையும் கொச்சிக்கு ஏற்றிப் போன சரக்குப் படகு அது. சாலையும் லாரியும் வந்து வேலை போன பிறகு, 1990களின் தொடக்கத்தில்தான் அதன்மேல் மூங்கில் கூரை போட்டு அறை கட்டினார்கள். இன்று மிதக்கும் எல்லாமே அப்படித் தைத்தவை அல்ல. ஆனால் பழைய உடல் உள்ள படகு கிடைத்தால் உட்புறம் பலகை சேரும் இடத்தில் கயிற்றுத் தையல் வரிசையாகத் தெரியும்.

படகு வீட்டால் முடியாத காரியம் ஒன்று இருக்கிறது. படகு வீடு அகலமானது. புன்னமடைக் காயலிலும் பெரிய ஆறுகளிலும்தான் போகும். ஆலப்புழையின் அழகு இருப்பது இரண்டு தென்னைமர நிழலும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் குறுகிய வாய்க்கால்களில். அங்கே துடுப்புப் படகோ, கூரை போட்ட ஷிகாராவோதான் நுழையும். அதற்குத்தான் கைனகரி மாதிரி ஒரு கிராமத்துப் பக்கம், ஆற்றங்கரை வீட்டுத் தங்கலில் இரவு இருக்கச் சொல்கிறேன். காலை ஆறு, ஆறரைக்கு வீட்டு வாசலிலேயே படகு வரும். ஷிகாராவில் ஏற ஒரு படி தாழ இறங்க வேண்டும், கை கொடுத்தால் அப்பா ஏறிவிடுவார். துடுப்புப் படகில் தரையோடு தரையாக உட்கார வேண்டியிருக்கும், அது அம்மாவுக்கு வேண்டாம். அம்மா திண்ணையில் காப்பியோடு உட்கார்ந்து போகிற வருகிற படகுகளைப் பார்க்கட்டும். அது குறைந்த காட்சி அல்ல.

அந்தக் காலைப் படகில் ஒரு இடத்தில் நிறுத்தச் சொல்லி, கரைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாருங்கள். வயல் கீழே கிடக்கும். நீங்கள் மிதக்கும் தண்ணீர் மேலே. முதல் தடவை பார்த்தபோது நான் ஏதோ கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். குட்டநாட்டின் பல பகுதிகள் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன, ஆழமான இடங்களில் இரண்டு மீட்டர் வரை. காயலுக்குள் மண்வரப்பு எழுப்பி, உள்ளே இருந்த தண்ணீரை இறைத்து உண்டாக்கிய நிலம். சித்திரை, மார்த்தாண்டம், ராணி என்று திருவிதாங்கூர் அரச குடும்பத்துப் பேர்களை வைத்த காயல் நிலங்களே உண்டு. முரிக்கன் என்று அழைக்கப்பட்ட ஜோசப் என்பவர் 1940களில் மீட்டவை. இன்றைக்கும் வரப்பு உடைந்தால் வயல் குளமாகிவிடும், பம்பு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த விவசாய முறையை 2013இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு உலகப் பாரம்பரியமாக ஏற்றது. நம் இலக்கணக்காரர்கள் கொடுந்தமிழ் நாடு என்று எண்ணிய பன்னிரண்டில் குட்டநாடும் ஒன்று. குட்டம் என்றால் ஆழ்ந்த நீர்நிலை. பேர் வைத்தவர் ஊரைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். இத்தனை தண்ணீருக்கு நடுவில் இருந்தும் குடிதண்ணீருக்கு அந்த மக்கள் குடத்தோடு படகில் போகிறார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

அரசுப் படகை விட்டுவிடாதீர்கள். கேரள அரசின் நீர்ப்போக்குவரத்துத் துறைக்குத் தலைமையகமே ஆலப்புழைதான். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே படகுத்துறை. நமக்கு டவுன் பஸ் எப்படியோ அவர்களுக்கு அது. கட்டணம் ஒரு டீயும் வடையும் சாப்பிடும் காசு. ஸ்ராங்கு என்கிற ஓட்டுநர் முன்னால் சக்கரத்தைப் பிடித்திருப்பார். துறை நெருங்கும்போது மணிக்கயிற்றை இழுப்பார். இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் மணியைக் கேட்டு வேகத்தைக் குறைப்பார். லஸ்கர் என்கிற படகுப் பணியாளர் கயிற்றோடு கரைக்குத் தாவி, தூணில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்துப் பிடிப்பார். அந்த அரை நிமிடத்துக்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன்கூடை, ஒருமுறை என் கண்முன்னே ஒரு பீரோ, எல்லாம் ஏறி இறங்கிவிடும். கோட்டயம் வரை போகும் தடமும் உண்டு, இரண்டரை மணி நேரம் பிடிக்கும். உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். நெடுமுடி வரை படகில் போய் இறங்கி, அங்கிருந்து சங்ஙனாச்சேரி சாலையில் பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்துத் திரும்பிவிடுங்கள். கழிவறையை நம்ப முடியாது, அதனால் அம்மாவை இதற்கும் கட்டாயப்படுத்த வேண்டாம். காலை, மாலை பள்ளி நேரத்தில் ஏறாதீர்கள். நாம் வேடிக்கை பார்க்க வந்தவர்கள், அவர்களுக்கு அது போக்குவரத்து.

தேதியை மாற்ற முடியுமா என்று ஒரு வார்த்தை. பள்ளி விடுமுறை என்றால் டிசம்பர்தான் என்று எனக்கும் தெரியும். ஆனால் அதுவே சபரிமலை சீசன். மகரவிளக்கு முடியும்வரை கேரளம் போகும் ரயில்களில் இடம் கிடைப்பது பாடு. ஜனவரி 20க்கு மேல் ஒரு சனி, ஞாயிறைப் பிடித்தால் படகும் அறையும் மலிவு, வயலும் நல்ல பச்சையில் இருக்கும். அறுவடை பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் தாண்டி வரும். ஒரே ஒரு குறை ஆகாயத்தாமரை. தண்ணீர்முக்கத்தில் காயலுக்குக் குறுக்கே ஒரு தடுப்பணை இருக்கிறது. கடலின் உப்புநீர் வயலுக்கு ஏறாமல் இருக்க டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை ஷட்டரை மூடி வைப்பது வழக்கம். திறக்கும் நாள் வருடத்துக்கு வருடம் முன்பின் ஆகும், விவசாயி ஒன்று கேட்பார், மீன்பிடிப்பவர் வேறொன்று கேட்பார். மூடியிருக்கும்போது தண்ணீர் தேங்குகிறது, உப்பு இல்லாததால் ஆகாயத்தாமரை மண்டுகிறது. சில வாய்க்கால்கள் பச்சைக் கம்பளம் போலாகிப் படகு நுழையாது. திறந்து உப்பு ஏறினால் தானே அழியும். உங்கள் வாரத்தில் எந்த வாய்க்கால் திறந்திருக்கும் என்பதை முதல் நாள் மாலை படகுக்காரரிடம் கேட்டால்தான் உறுதி.

ரயிலுக்கு, சென்னையிலிருந்து ஆலப்புழைக்கே போகும் இரவு வண்டி சேலம், ஈரோடு வழியாகத்தான் போகிறது, மறுநாள் காலை இறக்கிவிடும். வேறு வண்டி பார்த்தால் ஒன்றைக் கவனியுங்கள். எர்ணாகுளத்துக்குத் தெற்கே பாதை இரண்டாகப் பிரிகிறது, ஒன்று ஆலப்புழை வழி, இன்னொன்று கோட்டயம் வழி. திருவனந்தபுரம் வண்டி என்றாலே ஆலப்புழையில் நிற்கும் என்று நம்பி ஏறாதீர்கள். ஸ்டேஷன் கடற்கரையை ஒட்டி இருக்கிறது, படகுத்துறை ஊரின் இன்னொரு பக்கம். கடற்கரையில் சாயங்காலம் ஒரு மணி நேரம் போதும். கடலுக்குள் நீளும் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள், 1862இல் கட்டிய கலங்கரை விளக்கம். அதன் சுழல்படி அம்மாவுக்கு இல்லை.

சைவச் சாப்பாடு பற்றிக் கவலை வேண்டாம், ஆனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். படகு வீட்டுச் சமையல் என்றாலே கரிமீன் என்று அவர்கள் மீனோடுதான் கிளம்புவார்கள். காலையில் சொன்னால் போதும், அவியல், தோரன், சாம்பார் வந்துவிடும். எல்லாம் தேங்காய் எண்ணெய், சிவப்பரிசிச் சோறு. வெள்ளைச் சோறு வேண்டுமானால் அதையும் சொல்லுங்கள். அடுப்பும் பாத்திரமும் தனியாக இருக்காது. அப்பா அம்மாவுக்கு அதில் கண்டிப்பு உண்டென்றால் மதியச் சாப்பாட்டை ஊரில் ஒரு சைவ ஓட்டலில் கட்டி எடுத்துக்கொள்வது மேல். இரண்டாம் நாள் திரும்பும் முன் அம்பலப்புழை கிருஷ்ணன் கோயிலுக்குப் போங்கள், தெற்கே 14 கிலோமீட்டர் போல. அங்கே பால்பாயசம் பிரசித்தம். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், வேட்டி இருந்தால் நல்லது. பாயசம் மதிய பூஜைக்குப் பிறகுதான், சீக்கிரம் தீர்ந்துவிடும்.

படகைப் பிடிக்கும்போது ஸ்டேஷன் வாசலில் "சார், போட் வேணுமா?" என்று வருகிறவரோடு போகாதீர்கள். கெட்டவர்கள் என்பதற்காக அல்ல. அவருடைய கமிஷன் உங்கள் விலையில் ஏறும், காட்டும் படகு ஒன்று, வருவது ஒன்றாக இருக்கும். மாவட்டச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தில் கேட்டு அன்றைய விலை நிலவரத்தைத் தெரிந்துகொண்டு, புன்னமடைத் துறைக்கு நேரே போய் படகைக் கண்ணால் பார்த்துப் பேசுங்கள். நேரு கோப்பைப் படகுப் போட்டி முடியும் இடம் அது, ஆட்டோக்காரர்களுக்கு பினிஷிங் பாயின்ட் என்றால் தெரியும். நான் விலை எண் எதுவும் எழுதாதது வேண்டுமென்றேதான். போன மாத விலையை நம்பி நீங்கள் சண்டை போடக் கூடாது.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் தயவு பார்க்காதீர்கள். 2002 ஜூலை 27இல் முகம்மையிலிருந்து குமரகத்துக்குப் போன பயணிகள் படகு புன்னமடைக் காயலும் சேர்ந்த இதே வேம்பநாட்டுக் காயலில் மூழ்கி 29 பேர் இறந்தார்கள். 2023 மே 7இல் மலப்புறம் பக்கம் தானூரில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர், அதில் பலர் குழந்தைகள். அலை இல்லாத தண்ணீர்தானே என்ற எண்ணம்தான் ஆபத்து. கூட்டம் அதிகமாக ஏற்றிய படகில் ஏறாதீர்கள், இருட்டும் நேரத்தில் சின்னப் படகு எடுக்காதீர்கள். நாலு வயசுக் குழந்தைக்குப் பெரியவர்களின் மிதவைச் சட்டையை மாட்டிவிட்டு "போட்டாச்சு" என்பார்கள். தண்ணீரில் விழுந்தால் அது தலைவழியே கழன்றுவிடும். குழந்தை அளவு வேண்டும் என்று முதல் நாளே சொல்லி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். சட்டை மட்டும் மேலே வந்தால் வேறு கேளுங்கள், குழந்தையும் சேர்ந்து வந்தால் ஏறலாம்.